பொட்டு வைத்த போல்ட் துண்டு

என் கண்ணு,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, வெச்சிடறேன்" என்பாய். மூன்று வருடமாக நம் பேச்சு "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்பதைத் தாண்டவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அரியாங்குப்பத்திலிருந்து உன் தங்கை வந்திருந்தாள். நீ ஓசூர் வேலையை விட்டுவிட்டாய் என்றும், அடுத்த மாதம் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாய் என்றும், இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னாள். போகாதே என்று தடுக்க இதை எழுதவில்லை. போய் வா, சாமி. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது. ஏரிக்கரையில் கரும்போடு டிரெய்லர் கவிழ்ந்ததற்கு நீ காரணம் இல்லை. உன் கை காரணம் இல்லை, உன் போன் காரணம் இல்லை. மனசு கேட்காமல் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. கயிறு பிடித்து அளந்து, கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். இதில் என் தப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அது சின்னத் தப்பு இல்லை.

அந்த நாள் உனக்கும் மறந்திருக்காது. தை மாதம், ஆலைக்குப் போகிற இரண்டாவது லோடு. பாகூர் ஏரிக்கரையில் வளைவு முடிந்து ரோடு நேராகப் போகிற இடம். டிரெய்லரின் இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது, மண் உள்வாங்கியது, பெட்டி அப்படியே இடது பக்கம் சாய்ந்துவிட்டது. கொக்கி முறுக்கிக்கொண்டு கழன்றதால் டிராக்டர் தப்பித்தது, நீயும் தப்பித்தாய். தகவல் தெரிந்து நான் ஆட்டோ பிடித்து வந்து சேருவதற்குள் நாலு ஊர் ஜனம் கூடியிருந்தது. நீ முழங்கையில் ரத்தத்தோடு நின்று, "டிராக்டர் ரோட்டுலதாம்பா இருந்திச்சி. பின்னாடி பெட்டிதான் தானா எறங்குச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். உங்கப்பா அத்தனை பேர் நடுவில், "டிராக்டர் போற வழிலதான்டா பெட்டி வரும். பெட்டிக்கு இன்னா தனியா கண்ணு இருக்குதா, அதுவா வழி பாத்துக்கினு போவ?" என்றார். கூட்டம் சிரித்தது. டீக்கடைக்காரர் தன் பங்குக்கு, "போன்ல யாருடா தம்பி, பொண்ணா?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் உன் சட்டைப் பையில் போன் இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் பார்த்தது. உன் முழங்கையை அப்புறம்தான் பார்த்தேன். இதை உன்னிடம் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

அதற்கு முன்பே நீ சொல்லிக்கொண்டிருந்தாய். கார்த்திகையிலிருந்தே, "யம்மா, வண்டி நேரா வரல, எடது பக்கமா ஒதுங்குது, லோடு ஏத்துனா இன்னும் அதிகமா ஒதுங்குது" என்றாய். உங்கப்பா டயரில் காற்று குறைவு என்றார். இடது பக்கத்துக்கு மட்டும் கூடுதலாகக் காற்று பிடித்தார். டயர் கடையில் பேரிங் தேய்ந்திருக்கும் என்று அதை மாற்றினார்கள். நான் இன்னா செய்தேன் தெரியுமா? கண்பட்டுவிட்டது என்றேன். அந்த வருடம் கரும்பு நன்றாக வந்திருந்தது, பார்க்கிறவர்களெல்லாம் பேசினார்கள். ஆகவே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினேன், வெள்ளிக்கிழமை தவறாமல் டிரெய்லரைச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தேன். எதுவும் தப்பில்லை, இன்றைக்கும் நான் அதைச் செய்கிறவள்தான். ஆனால் குனிந்து ஒரு தடவை அடியில் பார்த்திருக்கலாம். எல்லோரும் டயரையே பார்த்துக்கொண்டிருந்தோம். டயர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

வண்டி கவிழ்ந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஐயனாரப்பன் கோயிலில் நடந்ததை நான் எழுதித்தான் ஆகவேண்டும். நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பூசாரி இருந்தார், உன் பெரியப்பா வீட்டுக்காரர்கள் இருந்தார்கள், டீக்கடைக்காரரும் கும்பிட வந்திருந்தார். தட்டில் கற்பூரம் ஏற்றி உன் முன்னால் நீட்டி, "அடிச்சி சத்தியம் பண்ணு, போன் பாக்கலன்னு" என்றேன். நீ என்னைப் பார்த்தாய்.

"நான் சொன்னது போதலையாம்மா?"

"போதாதுன்னு சொல்லலடா. ஊர் வாய அடைக்கணும் இல்ல? அடிச்சிட்டுப் போ. உண்மைன்னா இன்னா பயம்?"

"பயம் ஒன்னியும் இல்ல. நான் சொன்னா நீ நம்பணும். சாமி வந்து சொல்லி நீ நம்பறதா இருந்தா, எனக்கு அது வேணாம்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். நான் தட்டை நீட்டியபடியே நின்றேன். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்து, தட்டில் கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது. குற்றம் உள்ளவன்தான் கை நீட்டப் பயப்படுவான் என்று அன்றைக்கு நான் முடிவு செய்தேன். ஊரும் அப்படித்தான் முடிவு செய்தது. அடுத்த வாரம் லைசென்ஸை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினாய். கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போனாய், ஸ்டீயரிங்கைத் தொடவில்லை என்று உன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த லைசென்ஸ் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தினமும் அதைத் தூக்கித் தூசி தட்டி, அதே இடத்தில் வைத்துத்தான் விளக்கேற்றுகிறேன்.

கவிழ்ந்த டிரெய்லரை நிமிர்த்தி, வளைந்த பலகைத் தகடுகளைத் தட்டி, பெயிண்ட் அடித்து வாங்கி வந்தோம். பட்டறையில் கண்ணுக்குத் தெரிந்த அடிகளைச் சரி செய்தார்கள், அடியில் யாரும் படுத்துப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் கரும்புக்கு வெளி லாரி வைத்துக்கொண்டோம். நம் டிரெய்லர் எரு அடிக்க, வைக்கோல் ஏற்ற, செங்கல் எடுக்க என்று ஊருக்குள்ளேயே ஓடியது. ஒன்று மட்டும் எனக்கு இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. உங்கப்பா இந்த மூன்று வருடமாக டிராக்டரைக் கொஞ்சம் வலப்பக்கமாகவே ஓட்டுகிறார். எதிரே வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டினாலும் ஒதுங்க மாட்டார். "ஏங்க இப்படி நடு ரோட்ல போறீங்க" என்று கேட்டால், "ஓரம் சரியில்லமே" என்பார். பெட்டி இடது பக்கம் ஒதுங்குகிறது என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. வாய்க்குத்தான் தெரியவில்லை.

இந்த மார்கழியில்தான் அது என் கண்ணில் பட்டது. நான் எப்போதும்போல விடிவதற்குள் வாசலைத் தாண்டித் தெரு முழுக்கச் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தேன். உங்கப்பா கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு தெருவோடு நேராக வந்து, கோலத்தின் மேலேயே ஏற்றிக்கொண்டு போனார். ஈரத் தரையில் தடம் அச்சடித்த மாதிரி விழுந்திருந்தது. திட்டிக்கொண்டே விளக்குமாறு எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நாற்பது வருடமாகப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறவள் நான், ஒரு கோடு கோணலாகப் போனால் என் கண்ணுக்குத் தப்பாது. டிராக்டரின் பெரிய சக்கரத் தடம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பின்னால் வந்த டிரெய்லர் தடம் இரண்டும் அவற்றுக்கு நடுவில் சமமாக விழ வேண்டாமா? வலது பக்கத்தில் டிரெய்லர் தடம் நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. இடது பக்கத்தில் டிராக்டர் தடத்தையும் தாண்டி, அரைச் சாண் வெளியே, தனியாகப் போயிருந்தது. டிராக்டர் நேராகப் போயிருக்கிறது. பெட்டி ஒரு பக்கமாக ஒதுங்கியே பின்னால் போயிருக்கிறது. பெட்டிக்குத் தனியாகக் கண் இருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்டாரே, அதற்குப் பதில் என் வாசலில் கிடந்தது. நீ ஏரிக்கரையில் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே காதில் கேட்டது.

அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். "தெருவ அடைச்சிக் கோலத்த போட்டுட்டு, டயர குத்தம் சொல்றியா நீ?" என்று குளிக்கப் போய்விட்டார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் படித்தது ஏழாவது வரைக்கும்தான். மற்றதெல்லாம் கோயில் புத்தகமும் பேப்பரும் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. ஆனால் எதையும் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு என்று உனக்குத் தெரியும். மாடு கன்று போட்ட நாள், போர் மோட்டார் ரிப்பேர் ஆன நாள், டயர் மாற்றிய நாள் எல்லாம் என் நோட்டில் இருக்கும். எடுத்துப் பார்த்தேன். இந்த மூன்று வருடத்தில் டிரெய்லருக்கு இரண்டு டயர் மாற்றியிருக்கிறோம். இரண்டும் இடது பக்கம். அவர் வலப்பக்கமாக ஓட்டியும், குறுகலான தார் ரோட்டின் உடைந்த விளிம்பில் உரசி உரசியே அந்தப் பக்கத்து டயர் கிழிந்திருக்கிறது. என் கையாலேயே எழுதியிருக்கிறேன், "இடது", "இடது" என்று. எழுதினேனே தவிர ஒரு நாளும் படித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் வண்டியைக் களத்தில் நேராகப் பத்தடி இழுத்து நிறுத்தச் சொன்னேன். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன். வரிசை நடவுக்குப் பிடிக்கிற நைலான் கயிற்றை எடுத்து, ஒரு முனையை டிராக்டரோடு மாட்டுகிற கொக்கி வளையத்தின் நட்டநடுவில் கட்டினேன். இன்னொரு முனையை இழுத்துக்கொண்டு போய் வலது சக்கரத்தின் நடு மூடியில் பிடித்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சு போட்டேன். அதே கயிற்றை இடது பக்கம் கொண்டுபோனேன். முடிச்சு மூடி வரை வரவில்லை. மூன்று விரல் குறைந்தது. கயிறு எங்காவது சிக்கியிருக்கும் என்று திரும்ப அளந்தேன். இடது பக்கம் முடிச்சு போட்டு வலது பக்கம் கொண்டு போனேன், இப்போது மூன்று விரல் மிஞ்சியது. உங்கப்பா துண்டை உதறிக்கொண்டு வந்து நின்று, "இன்னாமே, டிரெய்லருக்கு ஜாக்கெட் அளவு எடுக்கறியா?" என்றார். நான் சிரிக்கவில்லை. "ஒரு பக்கத்துத் தோள் பின்னாடி போயிருக்குது, நீங்களே வந்து புடிங்க" என்றேன். அவர் பிடித்தார். அவருக்கும் மூன்று விரல்தான் வந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "கவுந்ததுல நவுந்திருக்கும்" என்றார்.

கண்ணு, எனக்கு அந்த வார்த்தையில் உயிர் போன மாதிரி இருந்தது. ஏனென்றால் அது நியாயமான வார்த்தை. கவிழ்ந்ததால் அச்சு நகர்ந்ததா, அச்சு நகர்ந்ததால் கவிழ்ந்ததா என்று எப்படிச் சொல்வது? முதலாவது என்றால் உன் மேல் சொன்ன பழி அப்படியே நிற்கும். இரண்டாவது என்றால் மூன்று வருடமாக நாங்கள் ஒரு பெரிய பாவத்தைச் சுமந்துகொண்டிருக்கிறோம். நான் இரண்டாவதாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

வில்லியனூர் பக்கம் பட்டறை வைத்திருக்கிற கலிவரதனை வரச் சொன்னோம். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவன், வாய் ஓயாமல் பேசுகிறவன். ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் படுத்தான். படுத்த இடத்திலிருந்தே, "யம்மா, இங்க வந்து பாரு, கயிறு போட்டுக் கண்டுபுடிச்ச ஆளு நீ, உனக்குக் காட்டாம யாருக்குக் காட்டறது" என்று கூப்பிட்டான். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். அச்சு, பாரத்தைத் தாங்கி வளைந்துகொடுக்கிற கமான் பட்டைகளின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. பட்டைகளையும் அச்சையும் சேர்த்து இறுக்கிக் கட்டுவது யூ போல்ட், ஒரு பக்கத்துக்கு இரண்டு. அச்சு முன்னேபின்னே நகராமல் பட்டைகளின் நடுவே ஆணி மாதிரி இறங்கி நிற்பது சென்டர் போல்ட். யூ போல்ட்டின் நட்டு இறுக்கமாக இருக்கிற வரைக்கும் பாரம் எல்லாம் அந்தப் பிடியில் நிற்கும். நட்டு தளர்ந்துவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு முன்னும் பின்னும் இடித்து, அத்தனை இடியையும் அந்த ஒரு சென்டர் போல்ட்தான் வாங்கும். "அது ஒண்டி ஆளும்மா, எத்தினி நாளிக்குத் தாங்கும்?" என்றான். இடது பக்கத்து யூ போல்ட் நட்டின் அடியில் செம்மண் கரைத்து ஊற்றின மாதிரி துருக்கோடு வழிந்திருந்தது. தளர்ந்த நட்டு அசைந்து அசைந்து விடுகிற பொடி அது என்றான். அச்சு உட்காருகிற இடத்தில் இரும்பு தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. இடது பக்கம் அச்சு பின்னால் போனால், சக்கரம் இரண்டும் இடது பக்கம் பார்த்து நிற்கும், பெட்டி அந்தப் பக்கமாகவேதான் ஒதுங்கும் என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினான்.

"இது கவுந்ததுல ஆனதா, முன்னாடியே ஆனதா, அத்த சொல்லு" என்றார் உங்கப்பா. கலிவரதன் யூ போல்ட்டைக் கழற்றி, பட்டையைத் தூக்கி, முறிந்து உள்ளே நின்ற சென்டர் போல்ட்டைத் தட்டி எடுத்தான். "பாதிதாண்ணா இருக்குது. மேல் பாதி நட்டோட எங்கியோ ரோட்ல வுழுந்திருக்கும். அது என்னிக்கு வுழுந்துச்சோ, யாரு கண்டா?" என்றான்.

அது என்றைக்கு விழுந்தது என்று எனக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

வண்டி கவிழ்ந்த தை மாதத்துக்கு முந்தின ஆயுத பூசை. நீயும் உங்கப்பாவும் டிராக்டரையும் டிரெய்லரையும் கழுவிவிட்டுப் பக்கத்திலேயே வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் கொட்டகையில் வண்டி கழுவின இடத்தைப் பெருக்கும்போது துடைப்பத்தில் ஒன்று தட்டுப்பட்டது. ஒரு நட்டு, அதற்குள் ஒரு விரற்கடை நீளத்துக்கு முறிந்த போல்ட். என்னவோ சாமான் என்று எடுத்துத் துடைத்து, தட்டில் ஸ்பேனர், சுத்தியல், அரிவாள் எல்லாவற்றோடும் சேர்த்து வைத்தேன். சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, தீபாராதனை காட்டினேன். பூசையில் வைத்த பொருளைத் தூக்கிப் போடக் கூடாது என்று சாமி அறை டப்பாவில் எடுத்து வைத்தேன். அடுத்த வருடமும் எடுத்துப் பொட்டு வைத்தேன், அதற்கப்புறமும் வருடம் தவறாமல் வைத்தேன். மூன்று வருடமாக நான் கும்பிட்டது உன் பக்கத்துச் சாட்சியை. நீ அன்றைக்குப் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தாய். "டேய், இது இன்னாடா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நீ பார்த்த உடனே சொல்லியிருப்பாய். வண்டி அன்றைக்கே பட்டறைக்குப் போயிருக்கும். ஐயனாரப்பன் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் அதை என் துடைப்பத்துக்கு முன்னாலேயே போட்டார். நான்தான் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் பொட்டு வைத்தேன்.

உள்ளே ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்தேன். கலிவரதன் அதைப் பார்த்துவிட்டு, "யம்மா, இத்த ஏம்மா சாமி ரூம்ல வெச்சிருந்த?" என்று சிரித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். டீசலில் போட்டுச் சந்தனத்தையும் குங்குமத்தையும் தேய்த்துக் கழுவினான். உள்ளிருந்து எடுத்த பாதியை ஒரு கையிலும், இதை ஒரு கையிலும் பிடித்து இரண்டு முறிவையும் ஒட்ட வைத்தான். மேடு பள்ளத்தில் உட்கார்ந்து, ஒரே போல்ட்டாக நின்றது. இடையில் ஒரு மயிர்க்கோடுகூடத் தெரியவில்லை. "இது என்னிக்குக் கெடச்சது?" என்று உங்கப்பா கேட்டார். நோட்டை எடுத்து வந்து காட்டினேன். பூசைச் சாமான் பட்டியலில், கடைசியில், "கொட்டகையில் கிடைத்த நட்டு ஒன்று" என்று எழுதியிருந்தேன். அவர் அதை வாங்கி, கண்ணாடி போடாமலேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

நீ இனிமேல் பெரிய வண்டிகளோடு வேலை செய்யப் போகிறாயோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வரும். அங்கே யாராவது வந்து "ஒரு பக்கமா இழுக்குது" என்று சொன்னால், அவர்களைச் சத்தியம் பண்ணச் சொல்லாதே. கயிற்றை எடுத்துக்கொண்டு போ. நானும் உங்கப்பாவும் ஊரும் உன்னை அளந்தோம், வண்டியை அளக்கவில்லை. ஆளைச் சந்தேகப்படுவது சுலபம், நின்ற இடத்திலிருந்தே செய்யலாம். அச்சைச் சந்தேகப்பட்டால் மண்ணில் படுக்க வேண்டும். அந்தச் சோம்பல்தான் எங்களுக்கு. பக்தி என்று அதற்கு நான் பெயர் வைத்துக்கொண்டேன், அனுபவம் என்று உங்கப்பா பெயர் வைத்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை ஐயனாரப்பன் கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரும் வருகிற நேரம் பார்த்துத்தான் போனேன். போல்ட்டின் இரண்டு பாதியையும் தட்டில் வைத்து, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். கோலம், கயிறு, டப்பா, ஆயுத பூசை எல்லாவற்றையும் சொன்னேன். "எம்புள்ள அன்னிக்கு சொன்னது நெசம். நாந்தான் நம்பல" என்றேன். டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் ஒரு வார்த்த வுட்டேன் இல்ல அன்னிக்கு" என்றார். "வுட்டீங்கண்ணா. அந்த ரோட்ல இன்னும் எனக்குக் கேக்குது" என்றேன். பூசாரி கற்பூரத்தை எடுத்து, "அடிச்சிச் சொல்லிடும்மா, முடிஞ்சிடும்" என்றார். "வேணாம் சாமி. சொன்னது போதும்" என்றேன். உன் வார்த்தைதான் அது. மூன்று வருடம் கழித்து அதே இடத்தில் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

வண்டியை இப்போது சரி செய்தாகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது என்று கலிவரதன் இரண்டு பக்கமும் புது சென்டர் போல்ட், புது யூ போல்ட் போட்டான். நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். நான் கயிறு பிடித்தேன். முடிச்சு இரண்டு பக்கமும் மூடியின் நடுவிலேயே வந்து நின்றது. மறுநாள் காலை தெருவில் தண்ணீர் தெளித்துவிட்டு வண்டியை விடச் சொல்லிப் பார்த்தேன். பெட்டியின் தடம் இரண்டும் டிராக்டர் தடத்துக்கு நடுவில், இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு. உங்கப்பாவுக்குத்தான் பழக்கம் போகவில்லை, இன்னும் வலப்பக்கமாகவே ஓட்டுகிறார்.

இந்த வருடம் நம் டிரெய்லரிலேயே கரும்பு ஏற்றுவதாக முடிவு. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது, வருகிற புதன்கிழமை முதல் லோடு. புது போல்ட்டும் கழற்றி மாட்டின பட்டையும் முதல் பாரத்தில் ஒருமுறை அமரும், அமர்ந்ததும் நட்டு தானாகவே கொஞ்சம் தளரும், ஆகவே முதல் லோடை இறக்கிவிட்டு வந்ததும் மறுபடி எல்லா நட்டையும் முறுக்கியே ஆக வேண்டும் என்று கலிவரதன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். "நானே வந்து முறுக்கிட்டுப் போறேண்ணா" என்றான். உங்கப்பா, "நீ வேணாம். அவன் இருந்தா செய்வான்" என்றார். கண்ணு, இந்த மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து உன்னைப் பற்றி வந்த முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியாது.

நீ வந்தாக வேண்டும் என்று நான் எழுதவில்லை. உனக்கு மனசு ஆறியிருக்கிறதா இல்லையா என்று கேட்கவும் இல்லை, அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. நீ வரவில்லை என்றால் வியாழன் காலை, இரண்டாவது லோடு ஏற்றுவதற்கு முன், அவரே முறுக்கிவிடுவார். தளர்ந்த நட்டோடு இனி அந்த வண்டி வாசலைத் தாண்டாது. வந்தாயானால் சொல்லாமல் வந்தாலும் சரி, பேசாமல் முறுக்கிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினாலும் சரி. சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போ. உன் லைசென்ஸ் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. பெரிய ஸ்பேனரையும் அதில் மாட்டி இழுக்கிற நீளக் குழாயையும் உங்கப்பா நேற்றுத் துடைத்து, எண்ணெய் போட்டு, கொட்டகை வாசலில் சாத்தி வைத்திருக்கிறார். பக்கத்து வயல்காரர் இரவல் கேட்டு வந்தார். "புதன் கழியட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

உன் அம்மா